சிகிரியாவுக்கு மழையை ஒட்டிப் போங்கள்

சிகிரியா பார்க்க எந்த மாதம் தோதானது என்று கேட்டால், ஜனவரிக் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். வானம் தெளிவாக இருக்கும், படிகள் வழுக்காது, படம் நன்றாக விழும். சொல்வதில் தப்பில்லை. ஆனாலும் நான் மார்கழி வாக்கில் போகச் சொல்வேன். ஐப்பசி, கார்த்திகை அடைமழை பெய்து குளங்கள் தளும்பி நிற்கும் நேரம் அது. சென்னையின் ஏரிகளை நிரப்பும் அதே வடகிழக்குப் பருவமழைதான் இலங்கையின் நடுவிலுள்ள இந்த உலர்ந்த சமவெளியையும் நனைக்கிறது. அந்த மழை நன்றாகப் பெய்திருந்தால், ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் அமைத்த நீரூற்றுகள் இன்றும் நீரை மேலே எறிவதைப் பார்க்கலாம். மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை.

சிகிரியாவைக் கோட்டை என்கிறோம். அகழியும் மதிலும் இருப்பதால் அது சரிதான். அங்கே இருந்தது மடாலயம்தான் என்று வாதிட்ட தொல்லியல் அறிஞர்களும் உண்டு. அந்த வழக்கு அவர்களோடு இருக்கட்டும். என் கண்ணுக்கு அது முதலில் ஒரு நீர் இயந்திரம். காசியப்ப மன்னன் 477 முதல் 495 வரை தலைநகராக வைத்திருந்த இந்த இடம் கிழக்கு மேற்காக சுமார் 3 கிலோமீட்டரும், வடக்கு தெற்காக 1 கிலோமீட்டரும் பரந்து கிடக்கிறது. நடுவில் சுமார் 180 மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாக எழும் ஒற்றைப் பாறை. பார்க்க வருபவர்களில் பலர் பாறையின் உச்சியைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். சூட்சுமமோ கீழே இருக்கிறது.

அதனால் பயணத்தை இப்படி அமைத்துக்கொள்ளலாம். முதல் நாள் இரவே தம்புள்ளையிலோ சிகிரியா ஊரிலோ தங்கிவிட்டு, காலையில் வாசல் திறந்தவுடன் உள்ளே போய்விட வேண்டும். ஏறும்போது அதிகம் நிற்காமல் ஏறிவிடுங்கள். ஏறத்தாழ 1,200 படிகள். வெயில் ஏறிவிட்டால் பாறை தன் பங்குக்கு வெப்பத்தைத் திருப்பி வீசும். மழை மாதங்களில் இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்ளும்: பிற்பகலில் இடி இறங்கலாம். சமவெளியில் தனியாக நிமிர்ந்து நிற்கும் மொட்டைப் பாறையின் உச்சி அப்போது நிற்க வேண்டிய இடமல்ல. உச்சியைப் பார்த்த பிறகு மெதுவாக இறங்குங்கள். மழைநீர் இறங்கிய திசையிலேயே நீங்களும் இறங்கினால் எல்லாம் புரிய ஆரம்பிக்கும்.

அந்தப் பாறையே மழையின் கைவேலைதான். இது எரிமலைக் குழம்பு உறைந்து உண்டானது என்று எழுதி வைத்திருக்கும் கையேடுகள் இன்னும் கிடைக்கின்றன. ஆனால் இது பூமிக்கு அடியில் பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய மிகப் பழைய பாறை வகையைச் சேர்ந்தது. சுற்றிலும் இருந்த மென்மையான பாறைகளை மழையும் காற்றும் கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கரைத்துக் கொண்டுபோய்விட, விரிசல் குறைவாக இருந்த இந்தத் துண்டு மட்டும் எஞ்சியது. இப்படி எஞ்சி நிற்பதை எச்சக்குன்று என்று சொல்லலாம். மலை எழும்பி உயரவில்லை. தரைதான் இறங்கிப்போயிருக்கிறது.

உச்சிக்குப் போகும் கடைசி வாசலில் இரண்டு பிரம்மாண்டமான சிங்கப் பாதங்கள் இருக்கின்றன. செங்கல்லும் சுதையுமாகக் கட்டிய சிங்கத்தின் மற்ற பாகங்கள் இடிந்து போயின. ஒருகாலத்தில் படிக்கட்டு அந்தச் சிங்கத்துக்குள் புகுந்து மேலே போனது. இந்த இடத்தில் சத்தம் போடாதீர்கள் என்று பலகை வைத்திருக்கிறார்கள். பக்திக்காக அல்ல. பாறைச் சரிவில் கூடு கட்டும் குளவிகளுக்கும் மலைத்தேனீக்களுக்கும் பயந்துதான்.

உச்சியின் பரப்பு சுமார் ஒன்றரை ஹெக்டேர், அதாவது நான்கு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. அரண்மனையின் அடித்தளங்களுக்கு நடுவே, பாறையைக் குடைந்து செய்த ஒரு பெரிய சுனை இருக்கிறது. நீளம் 27 மீட்டர், அகலம் 21 மீட்டர். மேலே நின்று பார்ப்பவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: இவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் எப்படி வந்தது? காற்றாலை வைத்துக் கீழிருந்து ஏற்றினார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. அதற்கு முன்னால் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

ஒன்றரை ஹெக்டேரில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் 1,50,000 லிட்டர். 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரிகளில் நிரப்பினால் பன்னிரண்டரை லாரி. அதில் பாதி வழிந்தோடிவிட்டது, பாதிதான் சுனைக்கு வந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்படியிருந்தும் எட்டு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுனையில் நீர்மட்டம் ஒரு மீட்டர் உயர்ந்துவிடும். பருவமழை வலுக்கும்போது ஒரே நாளில் கொட்டக்கூடிய அளவுதான் அது. சரி, கோடையில் வற்றிவிடாதா? திறந்த நீர்ப்பரப்பில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாகப் போனால், நான்கு மாதத்தில் 60 சென்டிமீட்டர். ஒரு மீட்டர் நீரில் மிச்சம் 40 சென்டிமீட்டர். இந்தச் சுனையின் பரப்புக்கு அது ஏறக்குறைய 2,25,000 லிட்டர். காற்றாலை இருந்ததா என்பது எப்படியோ போகட்டும். மழை ஒன்றே போதும் என்று எண்கள் சொல்கின்றன. கசிய விரிசலில்லாத பாறையைத் தேர்ந்தெடுத்து அதிலேயே குடைந்ததால், கரை கட்டும் வேலையும் மிச்சம்.

பாதி உயரத்தில், ஏறும் வழியில், பாறையின் ஒரு குழிவுக்குள் புகழ்பெற்ற ஓவியப் பெண்கள் இருக்கிறார்கள். இன்று எஞ்சியிருப்போர் இருபத்து சொச்சம் பேர். எல்லோரும் இடுப்புக்குக் கீழே மேகத்தில் மறைந்திருக்கிறார்கள். இவர்கள் யார் என்பதில் அறிஞர்களுக்குள் தீராத வழக்கு. பக்கத்திலுள்ள பிதுரங்கல விகாரைக்குப் பூ எடுத்துப் போகும் அரசகுலப் பெண்கள் என்றார் பெல். 1890களில் இங்கே அகழாய்வு நடத்தியவர் அவர். அப்சரஸ்கள் என்றார் ஆனந்த குமாரசாமி. பரணவிதான வேறொன்று சொன்னார்: இந்தப் பாறை குபேரனின் நகரம், கறுத்த பெண்கள் மேகங்கள், வெளுத்த பெண்கள் மின்னல்கள். மழையை நம்பியே வாழ்ந்த ஓர் இடத்தின் நெற்றியில் மேகத்தையும் மின்னலையும் வரைந்தார்கள் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. பிடித்திருப்பது நிரூபணம் ஆகாது என்பதும் தெரியும். அருகில், கண்ணாடி போல மெருகேற்றியதால் கண்ணாடிச் சுவர் என்று பெயர் பெற்ற சுவரில் பழைய காலத்துப் பார்வையாளர்கள் இந்தப் பெண்களைப் பார்த்துக் கிறங்கிச் சிங்களத்தில் கவிதைகளாகக் கிறுக்கி வைத்திருக்கிறார்கள். அவற்றில் 685 கவிதைகளைப் படித்தெடுத்து 1956இல் வெளியிட்டவரும் அதே பரணவிதானதான்.

இனி இறக்கம். இறங்கும் பாதை பெரிய பெரிய உருண்டைப் பாறைகளுக்கு இடையே போகும். பாம்பின் படம் போலக் கவிந்திருக்கும் ஒரு குகையின் கீழ் நின்று அண்ணாந்து பாருங்கள். பாறையின் முன்விளிம்பு ஓரமாக ஒரு நீளமான வெட்டு ஓடும். இதற்குக் காடி என்று பெயர். மதுரையைச் சுற்றியுள்ள சமணக் குகைகளைப் பார்த்தவர்களுக்கு இது பழகிய விஷயம். காசியப்பனுக்குச் சில நூற்றாண்டுகள் முன்பே இங்கே வாழ்ந்த பௌத்தத் துறவிகளுக்காக வெட்டியது.

காடி இல்லாவிட்டால் என்ன ஆகும்? பாறையின் மேல் வழியும் நீர் விளிம்புக்கு வந்ததும் நேரே கீழே விழுந்துவிடாது. பாறையோடு ஒட்டிக்கொண்டு, கூரையின் அடிப்பக்கமாகவே ஊர்ந்து குகைக்குள் வந்துவிடும். நீருக்கும் கல்லுக்கும் இடையிலுள்ள ஒட்டுவிசை அத்தனை வலுவானது. ஒரு கூர்மையான விளிம்பை வெட்டிவிட்டால், அதைத் தாண்ட நீர் சட்டென்று மேல்நோக்கித் திரும்பியாக வேண்டும். எடை அதற்கு விடாது. சொட்டாகத் திரண்டு வாசலுக்கு வெளியே விழுந்துவிடும். ஒரு விரற்கடை அளவு வெட்டில் குகை முழுக்க உலர்ந்துவிடுகிறது. அந்த விளிம்புக்குக் கீழே பிராமி எழுத்தில் கல்வெட்டும் உண்டு. நனையாத இடம் பார்த்துத்தான் பொறித்திருக்கிறார்கள்.

இதே பாறைகளின் உடம்பில் வரிசை வரிசையாகச் சின்னச் சின்னப் பள்ளங்கள் தெரியும். ஏறுவதற்கான படி என்று நினைத்துவிடாதீர்கள். செங்கல் சுவர்கள் சறுக்காமல் உட்காரச் செதுக்கிய பிடிமானங்கள் அவை. அந்தக் காலத்தில் ஏறக்குறைய ஒவ்வொரு பாறையின் தலையிலும் ஒரு கட்டடம் இருந்தது. ஒரு பாறையின் மேல் கற்பலகைகளால் ஆன நீர்த்தொட்டி இன்னும் இருக்கிறது.

இந்த இடத்தில் பாதை உங்களை வாகனங்கள் நிற்கும் பக்கம் திருப்பிவிடப் பார்க்கும். போகாதீர்கள். மேற்கே நடந்து நீர்த்தோட்டத்துக்கு வாருங்கள். நடுப்பாதைக்கு இருபுறமும் எல்லாமே இரட்டை இரட்டையாக இருக்கும்: வலப்பக்கம் ஒரு குளம் என்றால் இடப்பக்கமும் ஒரு குளம். வளைந்து வளைந்து ஓடும் ஆழமில்லாத கல் வாய்க்கால்களை ஒட்டி, தரையோடு தரையாக வட்டமான சுண்ணாம்புக்கல் பலகைகள் பதிந்திருக்கின்றன. அவற்றில் சீரான சின்னத் துளைகள். குனிந்து பார்க்காவிட்டால் கடந்துபோய்விடுவீர்கள். ஆசியாவின் மிகப் பழைய நீரூற்றுகளில் சில இவைதான்.

இயங்கும் விதம் எளிது, செய்து காட்டுவதுதான் கடினம். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கும் வீட்டில், மேல்மாடிக் குழாயைவிடத் தரைத்தளக் குழாயில் வேகம் அதிகம். தொட்டியின் நீர்மட்டத்துக்கும் குழாயின் வாய்க்கும் இடையிலுள்ள உயர வித்தியாசம்தான் காரணம். இதை நீர்த்தலை என்று வைத்துக்கொள்வோம். சிகிரியாவில் பாறை இருக்கும் கிழக்குப் பக்கம் மேடு, மேற்குப் பக்கம் தாழ்வு. மேட்டிலுள்ள குளங்களில் தேங்கும் நீர் நிலத்தடிக் குழாய்களில் இறங்கி இந்தப் பலகைகளுக்கு அடியில் வந்து சேர்கிறது. நீர் எந்த மட்டத்திலிருந்து கிளம்பியதோ, அந்த மட்டத்தைத் திரும்ப எட்டப் பார்க்கும். துளை வழியே மேலே எழும்பும்.

அப்படியானால் துளை ஏன் இத்தனை சிறியது? விஷயமே அதில்தான் இருக்கிறது. பெரிய துளையாக இருந்தால் நீர் குழாய்க்குள் விரைந்து ஓடும். விரைந்தால் சுவரோடு உரசும். இருக்கும் கொஞ்ச நீர்த்தலையும் அந்த உரசலிலேயே செலவாகி, வாயில் வெறுமனே கசியும். துளை சிறியதென்றால் குழாய்க்குள் நீர் நிதானமாக நகரும், உரசல் இழப்பு சொற்பம், நீர்த்தலை கிட்டத்தட்ட முழுதாகத் துளையின் வாய்க்கு வந்து சேரும். கையில் இருப்பது சில அடி உயரம் மட்டும். அதை வழியில் வீணாக்காமல் கொண்டுவந்து சேர்ப்பதுதான் வித்தை. சிறிய துளைக்கு ஓர் ஆபத்தும் உண்டு: வண்டல் அடைத்துவிடும். வளைந்து ஓடும் ஆழமற்ற வாய்க்கால்களைப் பார்க்கும்போது, அவை வெறும் அழகுக்காகத்தானா என்று எனக்குச் சந்தேகம் வரும். மெல்ல ஓடும் நீர் தன் மண்ணை வழியிலேயே இறக்கிவிடும்.

நீரூற்றுகளைத் தாண்டி, அகழி சூழ்ந்த தட்டையான பாறைத் தீவுகள் இரண்டு. கோடை மாளிகைகள் இருந்த இடம். இன்னும் கொஞ்சம் தள்ளி, 1980களின் அகழாய்வில் வெளிவந்த ஒரு குட்டி நீர்த்தோட்டம். அங்கே குளங்களின் அடியில் கூழாங்கல் பரப்பி, நீரைச் சன்னமாக ஓடவிட்டிருக்கிறார்கள். ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது அது உறிஞ்சும் வெப்பம், ஒன்றரை டன் ஏசி ஏழெட்டு நிமிடம் ஓடி வெளியேற்றும் வெப்பத்துக்குச் சமம். ஆழமாகத் தேக்கினால் மேல்பரப்பு மட்டுமே காற்றைத் தொடும். மெல்லிசாகப் பரப்பினால் அதே அளவு நீர் பல மடங்கு பரப்பில் ஆவியாகும். காசியப்பனின் தோட்டத்துக்கு இருந்த குளிரூட்டி அதுதான்.

இத்தனை நுணுக்கம் திடீரென்று எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அடுத்த நாளையும் ஒதுக்கிவைத்துக் கொள்ளுங்கள் என்பேன். தம்புள்ளையிலிருந்து அனுராதபுரம் போகும் சாலையில் கெக்கிராவ பக்கம் கலாவாவி இருக்கிறது. காசியப்பனின் தந்தை தாதுசேனன் கட்டிய மாபெரும் குளம். தந்தையின் புதையல் எங்கே என்று மகன் மிரட்டியபோது, தாதுசேனன் இந்தக் குளத்துக்கு வந்து, நீரைக் கையில் அள்ளி, இதுதான் என் சொத்து என்று காட்டியதாகச் சூளவம்சம் என்ற பழைய வரலாற்று நூல் சொல்கிறது. மகன் அவரைச் சுவருக்குள் வைத்துக் கட்டிக் கொன்றான். பின்னாளில் தம்பி மொகல்லானன் இந்தியாவிலிருந்து படையோடு வந்தபோது, காசியப்பனின் யானை முன்னால் இருந்த சதுப்பைக் கண்டு திரும்பியது. அரசன் பின்வாங்குகிறான் என்று படை கலைந்தது. அவன் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டான். அதுவும் அந்த நூல் சொல்வதுதான்.

கலாவாவியின் கரையில் நின்றால் ஒரு கால்வாய் புறப்படுவது தெரியும். பெயர் ஜயகங்கை. நீளம் சுமார் 87 கிலோமீட்டர். முதல் 27 கிலோமீட்டரில் அதன் சரிவு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 10 சென்டிமீட்டர்தான். ஒரு கிலோமீட்டர் நடந்தால் தரை ஒரு சாண் அளவுகூட இறங்காது. சரிவைக் கொஞ்சம் கூட்டினால் நீர் கரையை அரிக்கும், கொஞ்சம் குறைத்தால் தேங்கிவிடும். ஐந்தாம் நூற்றாண்டில், கண்ணுக்கே தெரியாத அந்தச் சரிவைக் காட்டுக்குள் விடாமல் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். கால்வாய் இன்றும் அனுராதபுரத்தின் திசாவாவிக்கு நீர் கொண்டுபோகிறது.