உழவாரக் குருவிகளும் பனை ஓலையும்

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளில் மாலை வேளையில் ஏரிக்கரைமீது நின்று மேலே நோக்குவோர், அரிவாள்போல் வளைந்த சிறகுகளையுடைய சிறு பறவைகள் கூட்டமாய் வட்டமிடுவதைக் காணலாம். இவை உழவாரக் குருவிகள். குடியானவர்களிற் பலர் இவற்றைத் தகைவிலான் என்றே எண்ணிவிடுகிறார்கள். தகைவிலான் தந்திக் கம்பியில் வரிசையாய் உட்காரும். உழவாரன் ஒருபோதும் கம்பியில் உட்காராது. அதன் கால்கள் மிகக் குட்டையானவை; செங்குத்தான சுவரையோ ஓலையையோ பற்றித் தொங்குவதற்கு மட்டுமே உதவும். இரை தேடுவது, நீர் பருகுவது, கூட்டிற்கு வேண்டிய இறகையும் பஞ்சையும் பிடிப்பது எல்லாம் பறந்துகொண்டே நடக்கும்.

இப்பக்கங்களில் முக்கியமாக இரண்டு இனங்கள் உண்டு. ஒன்று நாட்டு உழவாரன். கருநிறமானது, தொண்டையும் இடுப்பும் வெண்மை. கோயில் கோபுரம், மண்டபம், பாலத்தின் அடிப்புறம், பழங் கட்டடங்களின் இறவாரம் முதலிய இடங்களில் கூட்டங்கூட்டமாய்க் கூடு கட்டும். மற்றொன்று பனை உழவாரன். சாம்பல் கலந்த பழுப்பு நிறமும், மெல்லிய உடலும், கவைபட்ட வாலும் உடையது. பனையை விட்டு இது வெகுதூரம் செல்வதில்லை.

இவற்றால் விவசாயிக்கு என்ன அனுகூலம் என்று கேட்பது நியாயமே. இவற்றின் ஆகாரம் முழுவதும் ஆகாயத்தில் பறக்கும் பூச்சிகள்: ஈசல், சிறகெறும்பு, ஈ, கொசு, சிறு வண்டு, தத்துப்பூச்சி வகைகள். தாய்ப்பறவை பிடித்த பூச்சிகளைத் தொண்டையில் உமிழ்நீரால் உருண்டையாக்கிக் குஞ்சுக்கு ஊட்டும். ஐரோப்பாவிலுள்ள இதன் உறவினத்தில் அத்தகைய ஓர் உருண்டையில் சில நூறு பூச்சிகள் இருக்கக் கண்டிருக்கிறார்கள். ஆயினும் மிகைப்படுத்திச் சொல்வது தகாது. நெற்பயிரின் தண்டுக்குள் இருக்கும் குருத்துப் புழுவை உழவாரன் தொடாது. பயிர்ப் பாதுகாப்பை இதனிடமே ஒப்படைத்துவிட்டுத் திண்ணையில் உட்காரவும் முடியாது. நிலத்திற்கு மேலே நாள்முழுவதும் கூலியின்றி வேலை செய்யும் துணையாள் என்று கொள்வது போதுமானது. தேவையின்றி மருந்து தெளிப்பவர் இத்துணையாளின் உணவையே அழிக்கிறார். பூச்சியின் அளவு பொருளாதாரச் சேத நிலையை எட்டிய பிறகே தெளிக்க வேண்டும் என்பதற்கு இது மேலும் ஒரு காரணம்.

பனை உழவாரனின் கூடு மிக விசித்திரமானது. விசிறிபோல் மடிந்து தொங்கும் ஓலையின் அடிப்புற மடிப்பில், இறகையும் பஞ்சையும் தன் உமிழ்நீரால் ஒட்டி, உள்ளங்கையிற் பாதிகூட இல்லாத ஒரு சிறு கிண்ணத்தை அமைக்கிறது. அதில் 2 அல்லது 3 முட்டைகள். ஓலை காற்றில் எப்படி ஆடினாலும் கூடு விழுவதில்லை; ஓலையை வெட்டினால் மட்டுமே விழும். வருஷத்தின் பெரும்பகுதியிலும் இது இனம் பெருக்குவதால், "இன்ன மாதத்தில் வெட்டலாம்" என்று உறுதியாய்ச் சொல்வதற்கில்லை. எனவே மரம் சீவும்போது காவோலைகள் அனைத்தையும் ஒரே நாளில் கழிக்காமல், தோப்பில் சில மரங்களையேனும் அவ்வாண்டு தொடாமல் விடுவது நலம். பனையேறிகள் மேலே சென்றதும் பறவை ஓலைக்குள் போய்வருவதைக் கண்ணாற் காண்பார்கள். அந்த ஓலையை மட்டும் விட்டுவிடும்படி நிலச்சொந்தக்காரர் முன்னதாகவே சொல்லிவைத்தால் செலவு ஒன்றுமில்லை.

ஓலை வெட்டுவதைவிடப் பெருங்கேடு மரத்தையே வெட்டுவது. தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவுநீரால் பாலாற்றுப் படுகையில் கிணறுகளும் நிலங்களும் உவர்ப்படைந்த விஷயம் யாவரும் அறிந்ததே. 1996-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் சுப்ரீம் கோர்ட்டு இதைப் பற்றி அளித்த தீர்ப்பு தேசமுழுதும் எடுத்துக்காட்டப்படுகிறது. பயிர் நின்றுபோன அத்தகைய நிலத்திலும் பனை நிற்கும். வேறு வருமானமில்லாத குடியானவர் அதையும் செங்கற்சூளைக்கு விறகாய் விற்றுவிட நினைப்பது இயல்பு. ஆனால் சூளைக்காரர் ஒரு மரத்திற்குக் கொடுக்கும் கிரயம் சொற்பம். புதிதாய் விதைத்த பனை பலனுக்கு வர 12 முதல் 15 வருஷங்கள் ஆகும். கூடு கட்டத் தக்கவாறு உயர்ந்து ஓலை தொங்க அதற்குக் குறையாத காலம் செல்லும். அதுவரை அவ்வூர்ப் பனை உழவாரனுக்குப் புகலிடம் இல்லை.

2021-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் சட்டசபையில் வைக்கப்பட்ட தமிழ்நாட்டின் முதல் விவசாய வரவுசெலவுத் திட்டத்தில், 30 ஜில்லாக்களில் 76 லக்ஷம் பனை விதைகளும் 1 லக்ஷம் கன்றுகளும் விநியோகிக்கப்படும் என்றும், பனையை வெட்டுவதற்குக் கலெக்டரின் அநுமதி வேண்டும் என்றும் அறிவிக்கப்பட்டது. விதை ஊன்றுவதில் காட்டும் உற்சாகத்தை, நிற்கும் மரத்தைக் காப்பதிலும் கிராம உத்தியோகஸ்தர்கள் காட்டவேண்டும். ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் உள்ள பனைகளை எண்ணிக் குறித்து வைத்திருந்தால், இரவோடிரவாக மறைந்த மரத்தைப் பற்றி மறுநாள் காலையிலேயே கேட்க முடியும். கணக்கில் இல்லாத மரம் போனது யாருக்கும் தெரிவதில்லை.

நாட்டு உழவாரனின் கஷ்டம் வேறு வகை. இது பெரும்பாலும் மாசி முதல் புரட்டாசி வரையில் இனம் பெருக்கும். முட்டை பொரிக்க ஏறக்குறைய மூன்று வாரமும், குஞ்சு பறக்க மேலும் ஐந்து வாரத்திற்கு அதிகமாகவும் ஆகும். வெள்ளையடிப்பு, கோயில் திருப்பணி முதலியன நடப்பது இக்காலத்திற்குள் விழுந்தால், சுரண்டியெடுக்கும் குப்பையோடு குஞ்சுகளும் கீழே வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. ஆதலின் கூடுள்ள பக்கத்து வேலையை மார்கழி, தை மாதங்களில் முடித்துக்கொள்வது உசிதம். அது முடியாவிட்டால், சாரத்தை ஒரு பக்கமாக நகர்த்தி, குஞ்சுகள் பறந்த பின் மறு பக்கத்தைத் தொடலாம். பழைய கூட்டை வெறும் அழுக்கென்று எண்ணக் கூடாது. அதையே இரவில் தங்கவும், அடுத்த பருவத்தில் மீண்டும் முட்டையிடவும் இப்பறவை உபயோகிக்கும். எச்சம் விழுவதுதான் ஆட்சேபமாயின், கூட்டுக்குச் சில அடி கீழே ஒரு பலகையை அடித்துவிட்டால் போதும்.

இங்கிலாந்தில் 2021-ஆம் வருஷம் உழவாரன் மிகுந்த கவலைக்குரிய பறவைகளின் சிவப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அங்கே புதுச் சுவர்களில் உள்ளே குடைவான செங்கற்களைப் பதித்து அதற்கு இடந்தருகிறார்கள். அதை அப்படியே இங்கு பின்பற்றவேண்டிய அவசியமில்லை. நம் நாட்டு உழவாரன் தன் கூட்டைத் தானே கட்டிக்கொள்ளும். அதற்கு வேண்டுவது உயரமான, கலைக்கப்படாத ஒரு மூலையும், கூட்டிலிருந்து கீழே பாய்ந்து சிறகு விரிக்கத் தடையற்ற வெளியுமே. கூட்டின் நேர்கீழே கம்பியோ பந்தலோ வேண்டாம். சிட்டுக்குருவிகள் சில சமயம் கூட்டைப் பறித்துக்கொள்வதுண்டு. அந்தச் சண்டையில் மனிதர் தலையிடுவதால் பயனில்லை.

தரையில் விழுந்து கிடக்கும் உழவாரனைச் செத்ததென்று எறிந்துவிடுகிறவர்கள் உண்டு. சமதரையிலிருந்து எழும்புவது அதற்கு மிகக் கடினம். இறகு முழுதும் வளர்ந்த பறவையாயின், மேலே வீசாமல், திறந்த வெளியில் உள்ளங்கையை விரித்து அதன்மேல் வைத்து, தலைக்கு மேல் உயர்த்திச் சிறிது நேரம் அசையாமல் நின்றால் தானே பறந்துவிடும். பறக்கவில்லையென்றால் துளையிட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாய் வைத்திருந்து, சில மணி நேரம் சென்றபின் மறுபடி முயலலாம். இறகு வளராத குஞ்சாயின், கூடு எட்டும் உயரத்தில் இருந்தால் அதிலேயே திரும்ப வைப்பது நல்லது. சோறும் பாலும் ஊட்டக் கூடாது.