கழுதைப் பண்ணை வைக்கிறீர்களா? முதலில் ஆணைச் சோதியுங்கள்

கழுதை வாங்கப் போகிறவர்கள் பெட்டையின் மடியைப் பார்க்கிறார்கள், பல்லைப் பார்க்கிறார்கள், விலையைப் பேசுகிறார்கள். கூடவே ஓர் ஆண் கழுதையையும் வண்டியில் ஏற்றிவிடுகிறார்கள். அந்த ஆணை யாரும் சோதிப்பதில்லை. ஆனால் குட்டி பிறந்தால்தான் பால். பத்துப் பெட்டைக்கு ஓர் ஆண் என்றால், பிறக்கும் எல்லாக் குட்டிக்கும் பாதிப் பொறுப்பு அந்த ஓர் ஆணிடம் இருக்கிறது.

2022-ல் திருநெல்வேலி மாவட்டம் முக்கூடல் பக்கம் கழுதைப் பண்ணை தொடங்கப்பட்ட செய்தி வந்தபின், நம் பகுதியிலும் பலருக்கு இந்த ஆசை வந்திருக்கிறது. ஆசைப்படுவதில் தவறில்லை. ஆனால் விலங்கு குறைவு என்பதை மறக்க வேண்டாம். 2012 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் சுமார் 3.2 லட்சம் கழுதைகள் இருந்தன. 2019-ல் அது சுமார் 1.2 லட்சமாகச் சரிந்தது. தமிழ்நாட்டில் எஞ்சியவை ஏறத்தாழ 1,400. எண்ணிக்கை குறைந்தால் நல்ல ஆணும் அரிது. ஒரே ஆணின் வாரிசுகளுக்குள்ளேயே இனச்சேர்க்கை நடக்கும் ஆபத்தும் கூடும்.

மாட்டுக்கு ஆலமாதி, கழுதைக்கு?

திருவள்ளூர் மாவட்டத்து விவசாயிக்கு உறைவிந்து புதிதல்ல. நம் ஆலமாதியிலேயே உறைவிந்து நிலையம் இருக்கிறது. பசுவோ எருமையோ பருவத்துக்கு வந்தால், கால்நடை மருந்தகத்தில் குச்சி இருக்கும். ஊசி போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம். அந்த விந்து சோதனை முடிந்து வந்தது. காளை எப்படி இருக்கிறது என்று நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

கழுதைக்கு அப்படி இல்லை. அரியானா மாநிலம் ஹிசாரில் உள்ள தேசிய குதிரையின ஆராய்ச்சி மையமும், ராஜஸ்தான் பிகானேரில் உள்ள அதன் வளாகமும் கழுதை விந்தை உறைய வைக்கும் ஆய்வைச் செய்துவருகின்றன. ஆனால் உறைவிந்தால் பெட்டைக் கழுதைக்குச் சினை பிடிப்பது குறைவு. அதே விந்து பெட்டைக் குதிரையில் ஓரளவு நன்றாகவே பிடிக்கிறது. எனவே இன்றைக்கு உங்கள் பண்ணைக்கு உயிருள்ள ஆண்தான் வழி. அதைச் சோதிக்கும் வேலையும் உங்களுடையதே.

நல்ல விந்து எப்படி இருக்கும்?

ஆரோக்கியமான பொலிக்கழுதை ஒரு முறைக்கு 30 முதல் 100 மில்லி வரை விந்து தரும். ஒரு மில்லியில் 20 முதல் 40 கோடி விந்தணுக்கள் இருக்கும். நுண்ணோக்கியில் பார்க்கும்போது அவற்றில் 70 சதவீதத்துக்குக் குறையாமல் அசைய வேண்டும். நிறம் பால் போல வெண்மையாக இருக்கலாம். மஞ்சள் நிறம் தெரிந்தால் சிறுநீரோ சீழோ கலந்திருக்கலாம். சிவப்புத் தெரிந்தால் ரத்தம். இரண்டுமே நல்லதல்ல.

ஒரே ஒரு மாதிரியை வைத்து முடிவு கட்டாதீர்கள். பல வாரம் சும்மா நின்ற ஆணில் பழைய, செத்த விந்தணுக்கள் தேங்கியிருக்கும். முதல் மாதிரி மோசமாகத்தான் வரும். சில நாள் தொடர்ந்து எடுத்துத் தேக்கத்தை வெளியேற்றிய பின் வரும் மாதிரியே உண்மையைச் சொல்லும். எடுத்த விந்தில் தண்ணீர், சோப்பு, வெயில் எதுவும் படக்கூடாது. உடல் சூட்டிலேயே வைத்து உடனே பார்க்க வேண்டும்.

மருத்துவர் விதைப்பையையும் தடவிப் பார்ப்பார். இரண்டு விதைகளும் கீழே இறங்கியிருக்க வேண்டும். ஏறத்தாழச் சமமாக, அழுத்தினால் உறுதியாக இருக்க வேண்டும். ஒன்று மேலேயே தங்கிவிட்ட ஆணைப் பொலிக்கு வைக்காதீர்கள். அந்தக் குறை குட்டிக்கும் போகக்கூடும்.

இன்றைய விந்து, இரண்டு மாதத்துக்கு முந்தைய உடம்பு

விந்தணு ஒரே நாளில் உருவாவதில்லை. விதையில் தொடங்கி வெளியே வர ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகும். எனவே இன்றைக்கு விந்து கெட்டிருந்தால், காரணத்தை இரண்டு மாதத்துக்குப் பின்னால் தேட வேண்டும்.

நம் பகுதியில் முதல் சந்தேகம் வெயில் மேல். விதைகள் உடல் சூட்டைவிட 4, 5 டிகிரி குளிர்ச்சியாக இருந்தால்தான் வேலை செய்யும். திருத்தணிப் பக்கம் மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். அக்னி நட்சத்திரத்தில் நிழலில்லாமல் நின்ற ஆணின் விந்து ஜூன், ஜூலையில் குறைந்து தெரியலாம். அதனால் ஆணுக்கு நிழலும், காற்றோட்டமான உயரக் கூரையும், எந்நேரமும் நல்ல தண்ணீரும் கட்டாயம்.

அடுத்தது காய்ச்சல். ஈ பரப்பும் சர்ரா நோய் விட்டுவிட்டுக் காய்ச்சலையும் ரத்தசோகையையும் தரும். ஆணின் இனப்பெருக்கத் திறனையும் கெடுக்கும். ஈக்கள் உறுப்பின் மேல் மொய்த்தால் கோடைப் புண்ணும் வரலாம். சாணத்தை அன்றாடம் அகற்றுங்கள்.

"வீரியம் கூட்ட" என்று ஆண் ஹார்மோன் ஊசி போடச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் உடம்பு சொந்த உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். ஆசை கூடலாம், விந்தணு குறையும்.

கோழித் தீவனம், மாட்டுத் தீவனம் மிஞ்சியிருக்கிறது என்று கழுதைக்குப் போட வேண்டாம். சில தீவனங்களில் கலக்கும் மோனென்சின் என்ற மருந்து குதிரை இனத்தைக் கொன்றுவிடும்.

கும்மிடிப்பூண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை

சிப்காட் சுற்றுப்புறத்தில் மேய்ச்சல் இடம் இருக்கிறது என்று அவிழ்த்துவிடுகிறவர்கள் கவனிக்க வேண்டும். பழைய பேட்டரிகளை உருக்கி ஈயம் எடுக்கும் தொழில் உள்ள பகுதி இது. ஈயமும் காட்மியமும் விந்தணுவைக் கெடுப்பவை. ஈய உருக்காலை அருகே மேய்ந்த குதிரைகள் மூச்சில் கரகரப்புடன் நலிந்தது கால்நடை மருத்துவத்தில் பல நாடுகளில் பதிவான செய்தி. கழுதை கிடைத்ததையெல்லாம் கடித்துப் பார்க்கும் விலங்கு. ஆலைச் சுவரோரப் புல், கழிவு கொட்டிய மேடு, கசிவு நீர்க் குட்டை ஆகியவற்றிலிருந்து பொலிக்கழுதையைத் தள்ளி வையுங்கள். வெளியிலிருந்து நல்ல வைக்கோலும் புல்லும் வாங்கிப் போடுவது மலிவு. சந்தேகம் இருந்தால் ரத்தத்தில் ஈய அளவு பார்க்க மருத்துவரிடம் கேளுங்கள்.

சேர்க்கையின்போது அவசரம் வேண்டாம்

பெட்டைக்குச் சுமார் 24 நாளுக்கு ஒருமுறை பருவம் வரும். ஒரு வாரம் போல நீடிக்கும். வாயை மென்று எச்சில் வடிப்பதும், காதைப் பின்னுக்கு மடிப்பதும் அடையாளம். அந்த நாட்களில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் சேர்ப்பது நல்லது.

குதிரையைப் போலக் கழுதை உடனே ஏறாது. நெருங்கும், விலகும், நின்று பார்க்கும், மறுபடி வரும். கால் மணி, அரை மணி ஆகலாம். "சோம்பேறி ஆண்" என்று அடித்தால் அடுத்த முறை கிட்டவே வராது. மூன்று வயது ஆகாத இளம் ஆணிடம் கொட்டகை முழுவதையும் ஒப்படைக்காதீர்கள்.

சினைக்காலம் சுமார் 12 மாதம். ஆண் சரியில்லை என்பதை மூன்று பருவம் கழித்துத்தான் கண்டுபிடித்தால், தீவனச் செலவு உங்கள் கையில் நிற்க, முதல் குட்டி அடுத்த ஆண்டைத் தாண்டிப் போய்விடும்.

பணம் கொடுக்கும் முன்

விந்துப் பரிசோதனை முடிவு, கிளாண்டர்ஸ், குதிரைத் தொற்று ரத்தசோகை ஆகியவற்றுக்கான ரத்தச் சோதனை முடிவு இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். கிளாண்டர்ஸ் மனிதருக்கும் தொற்றும். உறுதியானால் அந்தக் கழுதையை உயிரோடு வைத்திருக்க முடியாது. சினை என்று சொல்லி விற்கும் பெட்டைக்கு ஸ்கேன் கேளுங்கள். பாலை நாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்று வாய்ச்சொல் தருபவர்களிடம் எச்சரிக்கை தேவை. அப்படி நம்பி ஏமாந்ததாகப் பல மாநில விவசாயிகள் 2024-ல் ஐதராபாத்தில் புகார் சொன்னார்கள்.

2024-ல் திருத்தப்பட்ட தேசிய கால்நடை இயக்கத்தில் கழுதை வளர்ப்பும் சேர்ந்திருக்கிறது. தொழில்முனைவோருக்கு 50 சதவீத மானியம், உச்சவரம்பு 50 லட்சம் ரூபாய். குதிரை, கழுதை, ஒட்டகத்துக்கு விந்து நிலையம், மூலப் பண்ணை அமைக்க 10 கோடி ரூபாய் உதவியும் அதில் உண்டு. கால்நடை பராமரிப்புத் துறை அலுவலகத்தில் கேளுங்கள். சோதனைக்குச் சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியை அணுகலாம். அவசரத்துக்கு 1962 எண்ணுக்கு அழைக்கலாம்.

பெட்டைகளை வாங்குவதை ஒரு மாதம் தள்ளிப்போட்டாலும் பரவாயில்லை. ஆணின் சோதனை முடிவு கைக்கு வந்தபின் முன்பணம் கொடுங்கள்.