சந்திப்பில் நிற்கும் கணினி

திண்டிவனத்திலிருந்து வரும் ரயில், விழுப்புரம் சந்திப்பைத் தாண்டி விருத்தாசலம் பக்கமும் போகலாம், கடலூர் பக்கமும் போகலாம். அதைத் தீர்மானிப்பது தண்டவாளத்திலுள்ள பாயிண்ட். கணினியிலும் அப்படியொரு சந்திப்பு உண்டு. 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸ், பாஸ் லினக்ஸ் என்ற இரு இயக்க முறைமைகளும் ஒரே கணினியில் வந்தன.

இரண்டாவது முறைமையை நாமே பென் டிரைவிலிருந்து நிறுவ முயலும்போது, சில சமயம் கணினி அதைக் கண்டுகொள்வதே இல்லை. ஏன்?

முதற் காரணம், ஐ.எஸ்.ஓ. கோப்பை வெறுமனே நகலெடுப்பது. கணினி தேடும் தொடக்க நிரல் அக்கோப்புக்குள் பொதிந்து கிடக்கிறது. ரூஃபஸ் போன்ற மென்பொருளால்தான் அதை எழுத வேண்டும். அப்போது பென் டிரைவில் முன்பிருந்தவை அழிந்துவிடும். எனவே அவற்றை முதலில் வேறிடத்தில் சேமித்து வையுங்கள்.

இரண்டாவது, தேடும் வரிசை. வன்தட்டு முதலிடத்தில் இருந்தால் பென் டிரைவுக்கு முறை வராது. கணினி விழிக்கும்போதே எஃப்12 அல்லது எஸ்கேப் விசையை அழுத்திப் பாருங்கள். விசை கணினிக்குக் கணினி மாறும்.

மூன்றாவது, தொடங்கும் விதம். பழைய கணினிகள் பயாஸ் வழியிலும் புதியவை யு.இ.எஃப்.ஐ. வழியிலும் எழுகின்றன. முதல் முறைமை எவ்வழியோ, இரண்டாவதும் அவ்வழியே நிறுவப்பட வேண்டும்.

பிழை எங்கே என்று அறிவது எப்படி? அதே பென் டிரைவை வேறொரு கணினியில் செருகுங்கள். அங்கே எழுந்தால், குறை பெரும்பாலும் உங்கள் கணினியின் அமைப்பில். எங்குமே எழவில்லையா? பென் டிரைவை மீண்டும் எழுதுங்கள்.