வீட்டுவழிக் கல்வியும் இணையவழிக் கல்லூரிச் சேர்க்கையும்

வீட்டுவழிக் கல்வி என்பது பிள்ளைகள் முறையான பள்ளி ஒன்றில் சேராமல், பெற்றோர் அல்லது பெற்றோர் அமர்த்தும் ஆசிரியர் துணையுடன் வீட்டிலேயே கற்கும் முறை ஆகும். இவ்வாறு கற்றோர் கல்லூரியில் சேர முற்படும்போது, பள்ளி மாணவரை மனத்திற்கொண்டு அமைக்கப்பட்ட இணையப் படிவங்களை நிரப்ப வேண்டியுள்ளது. தமிழ்நாட்டில், குறிப்பாகத் தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூர், சிலமலை வட்டாரத்தில் வாழும் ஒரு குடும்பம் இச்சேர்க்கையை எவ்வாறு அணுகலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

வட்டாரப் பின்னணி

சிலமலை, போடிநாயக்கனூர் ஊராட்சி ஒன்றியத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊராட்சி ஆகும். போடிமெட்டு மலைப்பாதைக்கு மேலே கேரளத்தின் இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்கள் தொடங்குகின்றன. அடிவார ஊர்களிலிருந்து தொழிலாளர் பலர் நாள்தோறும் ஜீப்புகளில் மலையேறித் தோட்ட வேலைக்குச் செல்கின்றனர். சில குடும்பங்கள் தோட்டத்திலேயே தங்கிவிடுகின்றன. இதனால் இரு மாநிலங்களில் மாறி மாறிப் படித்தோரும், பள்ளிப்படிப்பு இடையில் நின்றோரும் இப்பகுதியில் உள்ளனர். விரும்பி வீட்டுவழிக் கல்வியைத் தேர்ந்தவர்களுக்கு எழும் சான்றிதழ்ச் சிக்கல்கள் பல இவர்களுக்கும் பொருந்தும்.

உயர்கல்வி நிறுவனங்கள் தொலைவில் இல்லை. போடி அரசு பொறியியல் கல்லூரி 2012 இல் தொடங்கப்பட்டது. போடியில் ஏலக்காய் விவசாயிகள் சங்கத்தின் பெயரைத் தாங்கிய சி.பி.ஏ. கல்லூரியும், க.விலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரியும், பெரியகுளத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலைக் கல்லூரியும் உள்ளன.

சட்ட நிலை

இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009 இல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இது 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பொருந்தும். பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று இதன் 10 ஆம் பிரிவு கூறுகிறது. ஆயினும் சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதனையும் அச்சட்டம் விதிக்கவில்லை. வீட்டுவழிக் கல்வியை வெளிப்படையாக ஏற்கும் பிரிவும் அதில் இல்லை. எனவே வீட்டில் கற்ற ஆண்டுகளுக்கு அரசுச் சான்று எதுவும் கிடைப்பதில்லை. முதல் சான்று பெரும்பாலும் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்விலேயே கிடைக்கிறது.

தேர்வு வாரியத்தைத் தெரிவு செய்தல்

இந்தியப் பல்கலைக்கழகங்கள் பொதுவாக, ஏற்கப்பட்ட வாரியம் ஒன்றின் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழைக் கேட்கின்றன. அதனைப் பெற வீட்டுவழி மாணவருக்குப் பின்வரும் வழிகள் உள்ளன.

1. தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். 1979 இல் நடுவண் இடைநிலைக் கல்வி வாரியத்தின் திட்டமாகத் தொடங்கி, 1989 இல் தனி நிறுவனமாகி, 2002 இல் இப்பெயர் பெற்றது. பத்தாம் வகுப்புக்கு 14 வயதும், மேல்நிலைக்கு 15 வயதும் நிறைந்திருக்க வேண்டும். பொதுத்தேர்வு ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் பருவங்களில் நடைபெறும். ஐந்து ஆண்டுகளுக்குள் ஒன்பது வாய்ப்புகள் வழங்கப்படுகின்றன.

2. தமிழ்நாடு அரசுத் தேர்வுகள் இயக்ககம். பதினான்கரை வயது நிறைந்தவர் பத்தாம் வகுப்புத் தேர்வை நேரடித் தனித்தேர்வராக எழுதலாம். அறிவியல் பாடத்துக்கான செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். மேல்நிலையில் செய்முறைத் தேர்வு உள்ள பாடத்தொகுதிகள் நேரடித் தனித்தேர்வர்களுக்குப் பொதுவாகக் கிடைப்பதில்லை. ஆகவே பொறியியல், மருத்துவம் நாடுவோருக்கு இவ்வழி பயன்படுவது அரிது. கலை, வணிகப் படிப்புகளுக்கு இது ஏற்றது.

3. கேம்பிரிட்ஜ் போன்ற வெளிநாட்டு வாரியங்கள். தேர்வுக் கட்டணம் மிகுதி. மதிப்பெண்களுக்கு இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கத்திடம் இணைத்தகுதிச் சான்று பெற வேண்டும்.

பாடங்களும் காலக்கணக்கும்

திறந்தநிலைப் பள்ளியில் ஐந்து பாடங்களில் தேறினால் சான்றிதழ் கிடைக்கும். எந்தப் பாடங்களை எடுப்பது என்பதை மாணவரே முடிவு செய்யலாம். இவ்வுரிமையே பின்னர் இடர்ப்பாடாகவும் மாறக்கூடும். கணிதம், இயற்பியல், வேதியியல் ஆகிய மூன்றும் இல்லாத மேல்நிலைச் சான்றிதழைக் கொண்டு மாநிலப் பொறியியல் கலந்தாய்வின் பொதுப்பிரிவில் இடம் கோர இயலாது. திறந்தநிலைப் பள்ளியின் தேர்ச்சி மதிப்பெண் 33 விழுக்காடு ஆகும். பொறியியலுக்கோ இம்மூன்று பாடங்களின் சராசரி பொதுப்பிரிவினருக்கு 45, இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40 விழுக்காடு தேவை.

பத்தாம் வகுப்புத் தேர்ச்சிக்கும் முழு மேல்நிலைச் சான்றிதழுக்கும் இடையே இரண்டு ஆண்டு இடைவெளி வேண்டும். ஏப்ரல் பருவ முடிவுகள் பெரும்பாலும் சூன் மாதத்தில் வெளியாகின்றன. தமிழ்நாட்டுப் பொறியியல் விண்ணப்பப் பதிவு வழக்கமாக மே மாதத்தில் தொடங்கி, சூன் தொடக்கத்தில் முடிவதுண்டு. எனவே ஏப்ரல் பருவத்தில் கடைசித் தேர்வை எழுதுபவர் மதிப்பெண் பட்டியல் கைக்கு வருமுன்னரே காலக்கெடுவைச் சந்திக்க நேரிடலாம். எடுத்துக்காட்டாக, 2023 அக்டோபர் பருவத்தில் பத்தாம் வகுப்பில் தேறியவர் 2025 அக்டோபர் பருவத்தில் மேல்நிலையை முடித்தால், 2026 மே மாதப் பதிவுக்கு மதிப்பெண் பட்டியலுடன் ஆயத்தமாக இருக்க இயலும்.

இணையவழிப் பொறியியல் சேர்க்கை

தமிழ்நாட்டில் பொறியியலுக்கான நுழைவுத்தேர்வு 2007 இல் நீக்கப்பட்டது. கலந்தாய்வு 2018 முதல் இணையவழியில் நடைபெறுகிறது. 2019 முதல் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் இதனை நடத்துகிறது. கட்-ஆஃப் எனப்படும் தகுதி மதிப்பெண் 200 க்குக் கணக்கிடப்படும். கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்பது பங்கீடு. கணிதத்தில் 90, இயற்பியலில் 80, வேதியியலில் 84 பெற்றவரின் தகுதி மதிப்பெண் 90 + 40 + 42 = 172 ஆகும்.

சேர்க்கையின் படிநிலைகள் வருமாறு:

* கைபேசி எண், மின்னஞ்சல் ஆகியவற்றைக் கொண்டு கணக்குத் தொடங்குதல்
* படிவத்தை நிரப்பிக் கட்டணம் செலுத்துதல்
* சான்றிதழ்களைப் பதிவேற்றுதல்
* சமவாய்ப்பு எண் ஒதுக்கீடு
* சான்றிதழ் சரிபார்ப்பு
* தரவரிசைப் பட்டியல் வெளியீடும், குறை தெரிவிக்கும் காலமும்
* கல்லூரி, பாடப்பிரிவு விருப்பங்களைப் பதிதல்
* தற்காலிக ஒதுக்கீடு, அதனை உறுதி செய்தல், இறுதி ஒதுக்கீடு

கணக்குத் தொடங்கப் பயன்படுத்தும் கைபேசி எண் இறுதி வரை கையில் இருக்க வேண்டும். ஒருமுறைக் கடவுச்சொல் அந்த எண்ணுக்கே வரும். பள்ளி மாணவருக்குத் தவறுகளைச் சுட்டிக்காட்டும் ஆசிரியர் இருப்பார். வீட்டுவழி மாணவருக்கு அவ்வுதவி இல்லை. மாவட்டந்தோறும் அமைக்கப்படும் பொறியியல் சேர்க்கை உதவி மையங்களைக் கட்டணமின்றிப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

பள்ளி தரும் ஆவணங்களுக்கு ஈடானவை

மாற்றுச் சான்றிதழ்: திறந்தநிலைப் பள்ளி, தேர்ச்சிக்குப் பின் இடப்பெயர்வுச் சான்றும் மாற்றுச் சான்றும் இணைந்த ஓர் ஆவணத்தை வழங்குகிறது. கல்லூரியில் மாற்றுச் சான்றிதழுக்கு ஈடாக இதனை அளிக்கலாம்.

பிறப்பிடச் சான்றிதழ்: எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்நாட்டில் பள்ளியில் படித்தவருக்கு இது தேவையில்லை. வீட்டில் கற்றவரும், இடுக்கியில் சில ஆண்டுகள் படித்தவரும் இதனை இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்துப் பெற வேண்டும். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் ஆகியோரின் விசாரணைக்குப் பின் வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து வழங்கப்படுவதால், பல வாரங்களுக்கு முன்னரே விண்ணப்பிப்பது நன்று.

சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ்: இவை குடும்பத்தைப் பொறுத்தவை. பள்ளியில் படிக்காமை இவற்றுக்குத் தடையாகாது.

பெயர்: ஆதார், பத்தாம் வகுப்புச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றில் பெயரும் தலைப்பெழுத்தும் ஒன்றாக இருத்தல் வேண்டும். வாரியத்தில் முதன்முதல் பதியும்போது எழுதும் பெயரே பின்னர் எல்லா ஆவணங்களிலும் தொடரும்.

படிவத்தில் ஆண்டுவாரியாகப் பள்ளி விவரம் கேட்கப்படும் இடத்தில், படிக்காத பள்ளி ஒன்றின் பெயரை எழுதுதல் கூடாது. சரிபார்ப்பின்போது இத்தகைய பதிவு முழு விண்ணப்பத்தின் நிராகரிப்புக்கும் காரணமாகலாம்.

இழக்க நேரும் சலுகைகள்

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தோருக்கான 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு, மருத்துவத்தில் 2020 இலும் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021 இலும் கொண்டுவரப்பட்டது. 2022 இல் தொடங்கிய புதுமைப்பெண், 2024 இல் தொடங்கிய தமிழ்ப்புதல்வன் ஆகிய திட்டங்களின் மாதம் 1000 ரூபாய் உதவியும் ஆறாம் வகுப்பு முதலான பள்ளிப்படிப்பை அடிப்படையாகக் கொண்டது. இடையில் சில ஆண்டுகள் வீட்டில் கற்றுப் பின் அரசுப் பள்ளிக்குத் திரும்பியவரும் இவற்றை இழக்கக்கூடும். தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கு இது பெரிய இழப்பாகும். ஆகவே ஆறாம் வகுப்பு வயதில் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தும் முடிவை எடுக்கும்போதே, ஆறேழு ஆண்டுகளுக்குப் பின் வரும் இவ்விளைவையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

பிற படிப்புகள்

மருத்துவம்: திறந்தநிலைப் பள்ளி மாணவரும் தனித்தேர்வரும் நீட் தேர்வு எழுத இயலாது என்னும் விதி 2018 சனவரியில் சேர்க்கப்பட்டது. தில்லி உயர் நீதிமன்றம் அதே ஆண்டு மே மாதம் அதனை நீக்கியது. பின்னர் தேசிய மருத்துவ ஆணையம் திறந்தநிலைப் பள்ளிகளை ஏற்றதைத் தொடர்ந்து, 2024 இல் உச்ச நீதிமன்றத்திலும் இவ்வழக்கு முடிவுக்கு வந்தது.

நடுவண் நிறுவனங்கள்: பொறியியலுக்கான ஜே.இ.இ. முதன்மைத் தேர்வு, ஐந்து பாடங்களுடன் கூடிய திறந்தநிலைப் பள்ளிச் சான்றிதழை ஏற்கிறது. நடுவண் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத்தேர்வு 2022 இல் தொடங்கியது. திருவாரூரில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம் இதன்வழி மாணவரைச் சேர்க்கிறது.

திறந்தநிலைப் பல்கலைக்கழகம்: பன்னிரண்டாம் வகுப்பு முடிக்காமல் இவ்வழியில் பெறும் பட்டம் அரசுப் பணிக்கு ஏற்கப்படாது எனத் தமிழ்நாடு அரசு 2009 இல் ஆணையிட்டது. ஆதலால் அரசுப் பணியை நாடுவோர் மேல்நிலைச் சான்றிதழைத் தவிர்ப்பது உகந்ததன்று.

வெளிநாடுகளில்

ஐக்கிய அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்களிலும் வீட்டுவழிக் கல்வி சட்டப்படி ஏற்கப்பட்டுள்ளது. அங்குப் பல கல்லூரிகளுக்குப் பொதுவான இணைய விண்ணப்பத்தில், வீட்டுவழி மாணவரின் பெற்றோரே பள்ளி ஆலோசகர் இடத்தில் இருந்து பாடப்பட்டியலையும் மதிப்பீட்டையும் அளிக்கலாம். மும்பையைச் சேர்ந்த மாளவிகா ராஜ் ஜோஷி பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ்கள் இன்றி, தகவலியல் ஒலிம்பியாட்டில் பெற்ற பதக்கங்களின் துணையால் 2016 இல் மாசச்சூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்தார். பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாததால் இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களில் அவர் சேர இயலவில்லை. அறிவை நேரடியாக அளக்கும் முறைக்கும், வாரியச் சான்றிதழை வாயிலாக வைக்கும் முறைக்கும் உள்ள வேறுபாட்டை இந்நிகழ்வு காட்டுகிறது. தமிழ்நாட்டில் வீட்டுவழியில் கற்கும் மாணவர், தம் படிப்பு எவ்வாறு அமைந்திருப்பினும், பதினான்கு வயதுக்குள் வாரியத்தையும் பாடங்களையும் முடிவு செய்துகொள்வது இதனாலேயே இன்றியமையாததாகிறது.