பொம்மசந்திராவில் வேலையா? கையெழுத்துப் போடுமுன் இதைப் படியுங்கள்

ஓசூரைத் தாண்டி அத்திபெலே வழியாகப் பெங்களூருக்குள் நுழைந்தால் பொம்மசந்திரா, ஜிகணி தொழிற்பேட்டைகள் வந்துவிடும். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்திலிருந்து ஷிப்டுக்கு வந்துபோகிறவர்களும், ஷெட்டில் தங்கிக் கட்டட வேலை பார்ப்பவர்களும் இங்கே ஏராளம். 2023 அக்டோபர் 7 அன்று அத்திபெலே பட்டாசுக் கிடங்கில் பற்றிய தீயில் இறந்தவர்களில் பெரும்பாலோர், தீபாவளி நேரத்துக் கூலிக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்த இளைஞர்கள்.

விபத்து நடந்ததும் "அவன் கவனமாக இருக்கவில்லை" என்பார்கள். வேலையிடத்தைப் பாதுகாப்பாக வைத்திருப்பது முதலாளியின் பொறுப்பு என்கிறது சட்டம். அந்தப் பொறுப்பை நிலைநாட்டும் ஆதாரங்களோ, பெரும்பாலும் விபத்து நடந்த முதல் இரண்டு நாளிலேயே கைநழுவிப் போகின்றன.

எங்கே எச்சரிக்கை தேவை?

*உயரம்:* பெல்ட் போட்டால் மட்டும் போதாது, கொக்கியை எதில் மாட்டுகிறோம் என்பதுதான் முக்கியம். சாரத்தில் மாட்டினால், சாரம் சரியும்போது ஆளும் சேர்ந்து விழுவார். தனியாகக் கட்டிய லைஃப்லைனிலோ உறுதியான பீமிலோ, தலைக்கு மேலே மாட்ட வேண்டும்.

*பள்ளம்:* ஆழமாகத் தோண்டும்போது பக்கவாட்டில் முட்டுக் கொடுக்காமல் இறங்கக் கூடாது. தோண்டிய மண்ணை விளிம்பிலேயே குவிப்பதும், ஜேசிபியை ஓரத்தில் நிறுத்துவதும் சரிவை வரவழைக்கும்.

*கரண்ட்:* பிளக் இல்லாமல் ஒயரை நேரே சாக்கெட்டில் செருகுவது சைட்டில் சகஜம். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று கேளுங்கள். மழைக்காலத்தில் அது உயிர் காக்கும்.

*பிரஸ் மெஷின்:* இரண்டு கைகளாலும் பட்டன் அழுத்தினால்தான் இறங்க வேண்டிய பிரஸ்ஸை, உற்பத்தி வேகத்துக்காக ஒரு கையில் ஓடும்படி மாற்றுவார்கள். சென்சாரையும் துண்டித்து வைப்பார்கள். விரல்கள் போவது இப்படித்தான். பழுது பார்க்கும்போது மெயினை அணைத்துப் பூட்டி, சாவியை உங்கள் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

*தொட்டி:* கழிவுநீர்த் தொட்டியோ கெமிக்கல் டாங்கோ, வாயுவைச் சோதிக்காமல் உள்ளே இறங்கக் கூடாது. மயங்கியவரைத் தூக்கப் போனவரும் சேர்ந்து இறப்பது நாம் அடிக்கடி கேள்விப்படும் செய்தி. 112-க்கோ 108-க்கோ போன் செய்யுங்கள். மூச்சுக் கருவி இல்லாமல் குதிக்காதீர்கள்.

*கல்தூசி:* ஜிகணி கிரானைட் பட்டறைகளில் தண்ணீர் விடாமல் கல்லை அறுத்தால் சிலிக்கா தூசி நுரையீரலில் படியும். அதனால் வரும் சிலிகோசிஸ் சட்டம் ஏற்கும் தொழில்நோய். அதற்கும் இழப்பீடு உண்டு.

கேட்கும் உரிமை

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. பாதுகாப்பு ஏற்பாடுகளுக்காகத் தொழிலாளியிடம் பணம் வசூலிக்கக் கூடாது. வேலைக்கு எடுக்கும்போது நியமனக் கடிதம் தர வேண்டும். உயிருக்கு ஆபத்து என்று நியாயமாக அஞ்சினால் முதலாளியிடமும், அதே நேரத்தில் அரசு ஆய்வாளரிடமும் அதைத் தெரிவிக்கலாம்.

விபத்து நடந்துவிட்டால்

"வீட்டில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லு, செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று மேஸ்திரி சொல்லலாம். அப்படிச் சொல்லாதீர்கள். வேலையிடத்தில் நடந்தது என்று மருத்துவமனைப் பதிவில் எழுதச் சொல்லி, எம்.எல்.சி. (மருத்துவ-சட்டப் பதிவு) நகல் வாங்குங்கள். கன்னடத்தில் எழுதிய வாக்குமூலத்தைப் படித்துக்காட்டச் சொல்லாமல் கையெழுத்திடாதீர்கள். வெள்ளைத்தாளில் கையெழுத்து வேண்டவே வேண்டாம்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இருந்து, நிறுவனமும் இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வந்தால், வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நடந்த விபத்துக்கும் சிகிச்சை உண்டு. தற்காலிகமாக முடங்கினால் சம்பளத்தில் சுமார் 90 சதவீதமும், உயிரிழந்தால் குடும்பத்துக்கு மாதந்தோறும் உதவியும் கிடைக்கும்.

இ.எஸ்.ஐ. இல்லாதவர்களுக்குச் சட்டப்படி முதலாளி இழப்பீடு தர வேண்டும். 2020 அறிவிப்பின்படி கணக்கில் எடுக்கும் மாதக்கூலி வரம்பு 15,000 ரூபாய். அந்தக் கூலி வாங்கிய 30 வயதுக்காரர் இறந்தால், கூலியில் பாதியை வயதுக்கான காரணி 207.98-ஆல் பெருக்க வேண்டும்: 15,59,850 ரூபாய். சாவு வீட்டில் ஒரு லட்சத்தைக் கையில் கொடுத்து "செட்டில்மென்ட்" பேசுவது எவ்வளவு பெரிய ஏமாற்று என்று இதிலிருந்து தெரியும்.

மரண இழப்பீட்டை முதலாளி உரிய அதிகாரியிடம்தான் கட்ட வேண்டும். குடும்பத்தின் கையில் நேரே கொடுத்தால், மூன்று மாதக் கூலி வரையிலான முன்பணம் தவிர, அது இழப்பீடாகவே கணக்கில் வராது. உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கிய ஒப்பந்தமும் செல்லாது. நடப்பது கம்பெனியின் வழக்கமான தொழிலைச் சேர்ந்த வேலையென்றால், "அவர் கான்ட்ராக்டர் ஆள்" என்று கம்பெனி கைகழுவ முடியாது. அரசு அறிவிக்கும் நிவாரணம் வேறு, இந்த இழப்பீடு வேறு. ஒன்று கிடைத்ததால் மற்றது போய்விடாது.

இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். இதற்காகப் பெங்களூருக்கு அலைய வேண்டியதில்லை. குடும்பம் வசிக்கும் பகுதிக்கான அதிகாரியிடமே, அதாவது தருமபுரிக் குடும்பம் தமிழ்நாட்டிலேயே, மனுக் கொடுக்கலாம். சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணை அழையுங்கள்; தொழிற்சாலைத் தொழிலாளிக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு.

கட்டடத் தொழிலாளர்கள் கர்நாடகக் கட்டடத் தொழிலாளர் நல வாரியத்திலும் பதிவு செய்துகொள்ளுங்கள். 18 முதல் 60 வயதுக்குள் இருந்து, கடந்த 12 மாதத்தில் 90 நாள் வேலை செய்திருந்தால் போதும்.

இதையெல்லாம் பெற, அங்கே வேலை பார்த்தீர்கள் என்பதற்குச் சான்று வேண்டும். கேட் பாஸ், வருகைப் பதிவு, சம்பளம் வந்த வங்கிக் குறுஞ்செய்தி, இ.எஸ்.ஐ. எண், மேஸ்திரி, கம்பெனி பெயர்கள் எல்லாவற்றையும் படமெடுத்து வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். அடுத்த ஷிப்டுக்குக் கிளம்புமுன் அதைச் செய்துவிட்டுப் போங்கள்.