ஊர் கடந்து செல்லும் உறுப்புக் கொடை

தம்மிடம் உள்ள பொருளைப் பிறர்க்கு ஈதல் கொடை எனப்படும். தம் உடலின் உறுப்பையே ஈதல் கொடைகளுள் எல்லாம் தலைசிறந்ததாகும். இறைவன் திருக்கண்ணில் குருதி வழியக் கண்டு, தம் கண்ணையே இடந்து அப்பிய கண்ணப்பரின் வரலாற்றைப் பெரியபுராணம் கூறுகின்றது. உறுப்பு ஈதலை இன்று மருத்துவ அறிவு இயல்வதாக்கியுள்ளது. ஆயினும், அன்பு பொருந்தும் இடமெல்லாம் குருதி பொருந்துவதில்லை. அவ்விடரை நீக்கக் கண்ட வழியே சிறுநீரகப் பரிமாற்றம் ஆகும்.

நம் முதுகெலும்பின் இருபுறத்தும் அவரை விதை வடிவில் இரண்டு சிறுநீரகங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 150 கிராம் எடையுள்ளது. குருதியிலுள்ள கழிவை வடித்து நீக்குதல் இவற்றின் பணி. நல்ல உடல்நலம் உடையவர் ஒரு சிறுநீரகத்தோடும் வாழ இயலும். இரண்டும் பழுதுற்றாலோ, டயாலிசிஸ் என்னும் குருதித் தூய்மிப்பை விடாது செய்துகொள்ளல் வேண்டும். இன்றேல், பிறர் சிறுநீரகம் ஒன்றைப் பெறுதல் வேண்டும். 1954-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் பாஸ்டன் நகரில், ஜோசப் மர்ரே என்னும் மருத்துவர், இரட்டையருள் ஒருவரது சிறுநீரகத்தை மற்றவர்க்குப் பொருத்தி வெற்றி கண்டார். நம் நாட்டில் 1971-ஆம் ஆண்டில் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் இவ்வரும்பணி நிறைவேறியது.

இரட்டையர்க்கு எளிதில் பொருந்தியது எல்லார்க்கும் பொருந்துமோ? பொருந்தாது. 'ஏ' வகைக் குருதியினர்க்குப் 'பி' வகையினரின் உறுப்பை இயல்பாகப் பொருத்தவியலாது. உடல் அதனைப் பகையெனக் கருதித் தாக்கும். இராசிபுரத்தில் 'ஏ' வகைக் குருதியுடைய கணவன் நோயுற்றிருப்பதாகக் கொள்வோம். சிறுநீரகம் ஈய முன்வந்த அவன் மனைவியோ 'பி' வகையினள். மதுரையில் மற்றொரு குடும்பம். அங்கு நோயுற்ற மகன் 'பி' வகையினன். ஈய விரும்பும் தாய் 'ஏ' வகையினள். இவ்விரு கொடைகளும் தனித்தனியே பயனற்றுப் போகும். இராசிபுரத்து மனைவி மதுரை மகனுக்கும், மதுரைத் தாய் இராசிபுரத்துக் கணவனுக்கும் ஈந்தால், ஏனைய ஆய்வுகளும் ஒத்துவரின், இருவரும் பிழைப்பர்.

இவ்வெண்ணத்தை 1986-ஆம் ஆண்டில் பெலிக்ஸ் ராபபோர்ட் என்னும் அறிஞர் வெளியிட்டார். 1991-ஆம் ஆண்டில் தென்கொரிய நாட்டில் அது செயலாயிற்று. ஒரு குடும்பம் பெற்றபின் மற்றொரு குடும்பம் ஈய மறுத்தல் கூடுமன்றோ? ஆதலின் அறுவைகளை ஒரே நேரத்தில் தொடங்குவதே வழக்கம்.

ஈவோரும் பெறுவோரும் வெவ்வேறு ஊரினராயின் யாது செய்வது? தொடக்கத்தில் ஈவோரே பயணம் செய்தனர். உற்றார் அருகில் இன்றி, அயலூரில் அறுவை செய்துகொள்வது எளிதன்று. ஆகவே, உறுப்பை மட்டும் அனுப்பும் முறை தோன்றிற்று. எடுத்த சிறுநீரகத்தினுள் குளிர்ந்த காப்புநீரைச் செலுத்திக் குருதியை நீக்குவர். தூய பைகளுள் ஒன்றனுள் ஒன்றாக இட்டு, பனிக்கட்டி நிறைந்த பெட்டியில் வைப்பர். குளிர்ச்சியால் உயிரணுக்களின் உயிர்வளித் தேவை மிகக் குறைகின்றது. ஆயினும் உறுப்பு உறைந்துவிடுதல் ஆகாது. உறைந்தால் அணுக்கள் சிதையும். அமெரிக்க நாட்டில் 2007 முதல் 2010 வரை இவ்வாறு அனுப்பப்பெற்ற 56 சிறுநீரகங்களை மருத்துவர்கள் ஆராய்ந்தனர். அவை பல மணி நேரம் குளிரில் இருந்தும் செவ்வனே பணிபுரிந்தன.

நாமக்கல் வட்டாரத்தார்க்குப் பொருளை ஊர் கடத்தும் திறம் புதிதன்று. எளிதில் உடையும் முட்டைகளை லாரிகளில் அடுக்கி, நெடுந்தொலைவு கொண்டுசேர்ப்பவர் அவர். பெட்டியைக் கட்டும் கையும், வண்டியை ஓட்டும் கண்ணும் சிறிது தவறினும் முட்டைக்கு நேர்வது பொருளிழப்பு; சிறுநீரகத்திற்கு நேர்வதோ உயிரிழப்பு. நம் நாட்டில் பரிமாற்றம் பெரும்பாலும் ஒரே மருத்துவமனையில் நிகழ்கின்றது. உறுப்பு பயணம் செய்யும் முறை பெருகின், சிற்றூர்க் குடும்பங்களுக்கும் பொருத்தமான இணை கிடைத்தல் எளிதாகும்.

இங்கு ஒன்றை மறத்தலாகாது. பரிமாற்றம் வேறு, விற்பனை வேறு. 1994-ஆம் ஆண்டுச் சட்டம் உறுப்பை விற்பதையும் வாங்குவதையும் குற்றமாக்கிற்று. 2011-ஆம் ஆண்டுத் திருத்தம், நெருங்கிய உறவினருக்குள் பொருத்தம் இல்லாதபோது, ஒப்புதற் குழுவின் இசைவுடன் இரு குடும்பங்கள் மாற்றிக்கொள்ள இடந்தந்தது. அத்தகைய காவல் இருந்தும், 2025-ஆம் ஆண்டில் நாமக்கல் மாவட்டப் பள்ளிபாளையம் பகுதியில், வறுமையுற்ற விசைத்தறித் தொழிலாளரிடம் சிறுநீரகம் விலைக்குப் பெறப்பட்டதாகப் புகார் எழுந்தது. உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அதனை ஆராயத் தனிப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. வறுமையும் கடனும் ஒருவனை நெருக்க, அவன் தன் உறுப்பைக் கொடுப்பது கொடையாகாது. அவன் கடன் தீர்வதும் அரிது, உடல்நலமோ குன்றும்.

பரிமாற்றத்தில் பணத்திற்கு இடமில்லை. தன் கணவனுக்காக ஒருத்தி ஈந்தது, முன்பின் அறியாத ஒருவன் உடலில் வாழ்கின்றது. அவன் தாய் ஈந்தது அவள் கணவனைக் காக்கின்றது. ஊரும் குலமும் சமயமும் அங்கே வினவப்படுவதில்லை. பொருத்தம் ஒன்றே வினவப்படுகின்றது. தன்னலமும் பிறர்நலமும் இவ்வாறு ஒன்றாகும் நெறியையே நம் முன்னோர் ஒப்புரவு என்றனர். வளரும் மாணாக்கர் இவ்வறிவைத் தம் இல்லத்தார்க்கும் அண்டை அயலார்க்கும் எடுத்துரைத்தல் வேண்டும். வழி உண்டு என்று அறிந்தவர், விலை பேச வருவோரிடம் ஏமாறார்.