தட்டிப் பார்த்தால் தெரியும்

மயிலாடியில் சிற்பப் பட்டறைகள் உள்ள தெருவில் நடந்தால் உளிச் சத்தம் கூடவே வரும். புதுக் கல்லில் கைவைக்கும் முன் சிற்பி சுத்தியலால் தட்டிப் பார்ப்பார். கணீரென்றால் நல்ல கல். சத்தம் அமுங்கினால் உள்ளே எங்கோ விரிசல். நாலைந்து இடத்தில் தட்டி, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று விரல் வைத்துக் காட்டிவிடுவார்.

இவ்வூர்க்காரர் வேதமாணிக்கத்தின் அழைப்பில் 1806-இல் ஜெர்மானிய மிஷனரி ரிங்கல்தௌபே வந்து, 1809-இல் ஆலயம் எழுந்த ஊரும் இதுதான். சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என்று நாலு குரலில் பாடுவது குமரி மாவட்டத்துச் சபைகளில் ஊறிப்போன பழக்கம். கொயரில் பாடி வளர்ந்த பையனோ பெண்ணோ ஒருநாள் தானே ஒரு பாட்டுக்கு நாலு பார்ட் எழுதி, “எப்படி இருக்கு அண்ணே?” என்று தாளை நீட்டுவதும் நடக்கும். “நல்லா இருக்கு மக்கா” என்று முதுகில் தட்டி அனுப்புகிறோம். இல்லையென்றால் “ஏதோ இடிக்குதே” என்கிறோம். இரண்டாலும் அந்தப் பிள்ளைக்குப் பயனில்லை. எங்கே இடிக்கிறது, ஏன் இடிக்கிறது என்று அந்தச் சிற்பியைப் போலச் சொல்ல வேண்டும். சொல்லவும் முடியும். காரணம் நம் காதிலேயே இருக்கிறது.

புதிதாக எழுதுகிறவர்கள் அதிகம் தவறுவது பேஸிலும் டெனரிலும்தான். பேஸ் 110 ஹெர்ட்ஸில் ஷட்ஜம் பிடிக்க, டெனர் அதற்கு அந்தர காந்தாரமாக 137.5-இல் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். தாளில் அழகான இணை. பாடினால் கரகரக்கும். உட்காதில் நத்தை ஓடுபோல் சுருண்ட காக்ளியாவுக்குள் ஒரு மெல்லிய சவ்வு உண்டு. ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் அதில் ஓர் இடம். கீழ் ஸ்தாயியில் ஏறத்தாழ 100 ஹெர்ட்ஸுக்குள் நெருங்கும் இரு ஒலிகள் ஒரே இடத்தில் மோதிக்கொள்கின்றன. இங்கே இடைவெளி 27.5 மட்டுமே. அதே இணையை 440, 550 என்று மேலே தூக்கினால் இடைவெளி 110 ஆகிறது, தேனாய் ஒலிக்கிறது. இந்தக் கரகரப்புக்கு, ஒலி வேகமாக ஏறி இறங்கும் விம்மல்களே காரணம் என்று 1863-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற விஞ்ஞானி எழுதினார். அது சவ்வின் இந்த இடநெருக்கடியோடு சேர்ந்தது என்று 1965-இல் பிளாம்ப், லெவெல்ட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் காட்டினார்கள். ஆகவே, “காந்தாரத்தை ஆல்டோவிடம் கொடு, டெனருக்கு மேல் ஷட்ஜம் போதும்” என்று சொன்னால் அது கருத்து மட்டுமல்ல, மருந்து.

சோப்ரானோவின் சிக்கல் வேறு. ‘ஈ’ என்னும்போது வாய்க்குழியின் முதல் ஒத்ததிர்வு 300 ஹெர்ட்ஸ் அருகே இருக்கும். குரல் 700-ஐத் தொட்டுவிட்டால் அந்த இடத்தில் ஒலியே கிடையாது. ‘மீட்பர்’ என்ற சொல்லை உச்சத்தில் வைத்தால் ‘மீ’ கரைந்து ‘மா’வை நோக்கி நகரும். ‘நாதர்’ அங்கே தெளிவாகக் கேட்கும்.

இதையெல்லாம் மேல்நாட்டுப் புத்தகங்களிலும் படிக்கலாம். தமிழில் கூடுதலாகக் கவனிக்க வேண்டிய ஒன்று, குறிலும் நெடிலும். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று தொல்காப்பியம் அளந்து வைத்திருக்கிறது. அழுத்தத்தை நம்பும் ஆங்கிலத்தில் ஓர் அசையை இழுத்தாலும் பொருள் பெரும்பாலும் நிற்கும். நமக்கு ‘வரம்’ என்பதில் முதலெழுத்தை இரண்டு தட்டுக்கு இழுத்தால் ‘வாரம்’ ஆகிவிடும், ‘பலம்’ பாலமாகும். நாற்பது பேர் ஒரே மூச்சில் பிழையாகப் பாடுவதைக் கேட்டால் மனது வலிக்கும். இதற்கு மெட்டை மாற்ற வேண்டியதே இல்லை. ‘வ’வைச் சட்டென்று தொட்டு, ‘ரம்’மில் இறங்கி, மீதி நீளத்தை ‘ம்’ என்ற முனகலில் நிரப்பச் சொல்லுங்கள். மெல்லினம் தாங்கும்.

நன்றாக வந்த இடத்தையும் இதே துல்லியத்தோடு சொல்ல வேண்டும். “மூன்றாவது வரியில் பேஸ் இறங்கும்போது சோப்ரானோ ஏறுகிறதே, அங்கே நாலு குரலும் தனித்தனியாகக் கேட்டது” என்றால், அடுத்த பாட்டிலும் அந்தப் பிள்ளை அதைச் செய்யும். குறை சொன்ன இடத்தை மட்டும் கொயரை இரண்டு விதமாகவும் பாட வையுங்கள். எழுதியவர் காதே தீர்ப்புச் சொல்லட்டும்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் உங்கள் ஊரிலும் யாராவது தாளை நீட்டுவார்கள். கையில் ஒரு பென்சிலோடு போங்கள்.